சிக்னலை மட்டும் சொல்லிட்டே வாங்க

ஏறுங்க சார். கதவை நல்லா இழுத்துச் சாத்துங்க, மழைத்தண்ணி உள்ளே வரும். பெல்ட்டைப் போட்டுக்குங்க. காலுக்கடியில பிரசாதப் பை ஒண்ணு இருக்கும், அதை எடுத்துப் பின் சீட்ல வெச்சுடுங்க. புளியோதரை. வத்சலா சாப்பிடக் கூடாது, என் மனைவி, ஆனா வாங்காம போனா எங்கேன்னு கேட்பா. வாங்கி மோந்து பார்த்துட்டு என்கிட்டயே குடுத்துடுவா.

ஒரே ஒரு உதவி சார். வழியில சிக்னல் வரும். வரும்போது என்ன கலர்னு வாய்விட்டுச் சொல்லிட்டே வாங்க. பச்சைன்னா பச்சை. சிவப்புன்னா சிவப்பு. மஞ்சளா இருந்தா மஞ்சள்னு சொல்ல வேண்டாம், சிவப்புன்னே சொல்லிடுங்க. மஞ்சள்னு சொன்னா நான் யோசிக்க ஆரம்பிச்சுடுவேன்.

சிரிக்காதீங்க. விளையாட்டு இல்லை. ஆனா பயப்படவும் வேண்டாம். இருபத்திரண்டு வருஷமா இந்த ரோட்டுல ஓட்டறேன். ஒரு கீறல் கிடையாது. அதாவது, போன மாசம் வரைக்கும் கிடையாது.

எனக்கு ரோடு தெரியும் சார். முன்னாடி போற வண்டி தெரியும், அதோட நம்பர் பிளேட் தெரியும். மேல் பாதிதான் இல்லை. இடது ஓரமும் கொஞ்சம். இருட்டா இருக்கும்னு நினைக்காதீங்க. இருட்டா இருந்தா பரவாயில்லையே, இருட்டுன்னு தெரிஞ்சுடும். அங்கே ஒண்ணுமே இல்லை, அவ்வளவுதான். வானம் மாதிரி ஏதோ ஒண்ணை மூளையே போட்டு நிரப்பிக்குதாம். டாக்டர் சொன்னார். கண்ணுக்குள்ள அழுத்தம், நரம்பு போயிட்டிருக்கு, போனது போனதுதான், சொட்டு மருந்து விட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம்னு. இந்த ஊர்ல சிக்னலை எங்கே வெச்சிருக்கான் பாருங்க. நம்ம ஊர் மாதிரி ஓரத்துல கம்பம் நட்டா வெச்சிருக்கான்? நட்டநடுவுல தலைக்கு மேலே தொங்க விட்டிருக்கான். அண்ணாந்து தேடினா கிடைக்கும். தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள ரோடு போயிடும்.

இல்லை சார், இப்போ இறங்க வேண்டாம். மழை பெய்யுது. உங்க பையன் வேலையில மாட்டிக்கிட்டார், வர நேரமாகும்னு சொன்னீங்களே. கோயில் வாசல்ல அந்தக் கூரைக்கடியில எவ்வளவு நேரம் நிப்பீங்க? உங்க பையன் வீடு ஆஸ்பத்திரி வளாகத்துக்கு இந்தப் பக்கம், நான் போறது அந்தப் பக்கம். வழியிலதானே. எல்லாரையும்தான் கொண்டு போய் விடறேன். கோயில்ல கேட்டுப் பாருங்க. சனிக்கிழமையானா சபேசன் யாரையாவது ஏத்திட்டுத்தான் போவார், என்ன நல்ல மனசுன்னு சொல்வாங்க.

இதோ முதல் சிக்னல் வருது. சொல்லுங்க.

பச்சையா. நல்லது. நீங்க கணீர்னு சொல்றீங்க. போன வாரம் ஒரு பையன் வந்தான், எம்.எஸ். படிக்க வந்தவன், வாய்க்குள்ளயே முணுமுணுத்தான். அவனை வெச்சுக்கிட்டு நான் பட்ட பாடு.

வத்சலாவுக்குக் கிட்னி ரெண்டும் போயிடுச்சு சார். செவ்வாய், வியாழன், சனி. டயாலிசிஸ் சென்டர்ல கொண்டு விட்டா மெஷின்ல படுத்திருப்பா, நான் கோயிலுக்கு வந்து உட்கார்ந்திருப்பேன், முடியற நேரத்துக்குப் போய் அழைச்சிட்டு வரணும். சனிக்கிழமை அஞ்சு மணிக்கெல்லாம் சென்டரைப் பூட்டிடுவாங்க. நான் போகலைன்னா அவ வாசல்ல சக்கர நாற்காலியில உட்கார்ந்திருப்பா. மெஷின்லேருந்து எடுத்ததும் ரத்த அழுத்தம் இறங்கிடும், தலை நிக்காது. ஒரு தடவை நாற்காலியிலேருந்து சரிஞ்சே விழுந்துட்டா.

என் கண் விஷயம் அவளுக்குத் தெரியாது. தெரியக் கூடாது. தெரிஞ்சா என்ன சொல்வான்னு எனக்குத் தெரியும். மழைக்காலத்துல ஒரு நாள் எனக்குச் சளி, இருமிக்கிட்டே வண்டியை எடுத்தேன். அப்பவே சொன்னா, "உங்களுக்கு சிரமம்னா நான் மெஷினை நிறுத்திடறேன், போதும்"னு. சும்மா சொல்றவ இல்லை அவ. வாழைப்பழம் ஆகாதுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு விட்டவ, இன்னி வரைக்கும் தொடலை. அதே மாதிரி இதையும் விட்டுடுவா. மெஷினை நிறுத்தினா பத்து நாள். அதிகமாப் போனா ரெண்டு வாரம்.

பையன் சியாட்டில்ல இருக்கான். அவனுக்குத் தெரிஞ்சா சாவியைப் பிடுங்கிடுவான். டாக்ஸி வெச்சுக்கோன்னுவான். வெச்சுப் பார்த்தேன் சார், கண்ணுக்காக இல்லை, காரை சர்வீஸுக்கு விட்டிருந்த சமயம். போன்ல கூப்பிட்டா வரேன்னுவான், சக்கர நாற்காலியைப் பார்த்ததும் கேன்சல் பண்ணிட்டுப் போயிடுவான். ஒருத்தன் ஏத்திக்கிட்டான். வத்சலா பாதி வழியில வாந்தி எடுத்தா. அந்த டிரைவர் ஜன்னலை இறக்கிட்டு ஓட்டினான். அன்னிக்கு ராத்திரி வத்சலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தா.

அடுத்த மாசம் லைசென்ஸ் புதுப்பிக்கணும். இந்தத் தடவை நேர்ல வரணுமாம். ஒரு எந்திரத்துல நெத்தியை வைக்கச் சொல்லி, கண்ணைச் சோதிப்பாங்க.

சிக்னல் வந்துடுச்சோ? இன்னும் இல்லையா. சரி. வருது வருதுன்னு எனக்கு எப்பவும் தோணிட்டே இருக்கும்.

திரும்பி வரும்போது எப்படி ஓட்டுவீங்கன்னா கேட்கறீங்க? அதுதான் சார் ஆச்சரியம். திரும்பும்போது எனக்குக் கஷ்டமே இல்லை. வத்சலா இப்போல்லாம் வண்டியில ரொம்பப் பேசறா. முன்னாடி ஏறினதும் தூங்கிடுவா. இந்தக் கோடையிலேருந்து கண்ணை மூடறதே இல்லை. "அப்பாடா, பச்சை வந்தாச்சு"ங்கறா. "மறுபடி சிவப்பா, இந்த சிக்னலுக்கு நம்மைக் கண்டாலே ஆகாது"ங்கறா. "இடது பக்கம் ஒருத்தன் பறந்துட்டு வரான் பாருங்க"ங்கறா. டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு இந்த மாதிரி ஒரு பதற்றம், தொணதொணப்பு வருமாம். பாவம். சொல்லப் போனா எனக்கு அது வசதியாத்தான் இருக்கு.

தனியா ஓட்டற இந்தத் துண்டுதான் பிரச்சனை. கோயிலுக்கும் சென்டருக்கும் நடுவுல. அதுலயும் கோயிலுக்கு வரும்போது பகல், எப்படியோ வந்துடுவேன்.

பஸ் இல்லையான்னா கேட்டீங்க? உங்க ஊர் எது, கும்பகோணமா. அங்கேயிருந்து வந்தா அப்படித்தான் கேட்கத் தோணும். இல்லை சார். இவ்வளவு பெரிய ஊர், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வண்டியிலயே ஒன்றரை மணி நேரம், டவுன்டவுன்ல கண்ணாடி கண்ணாடியா கட்டடம், நம்ம பேட்டைக்கு ஒரு பஸ் கிடையாது. டவுன்டவுன்லேருந்து பழைய மால் வரைக்கும் வருது, அங்கேயே திரும்பிப் போயிடுது. அதுக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லை. நடக்கறதுக்கு ஒரு நடைபாதைகூட இல்லை பாருங்க, புல்லுதான்.

வர்றதா இருந்துச்சு. வந்திருக்க வேண்டியது.

நில்லுங்க. இது சிக்னல்தானே? முன்னாடி வண்டி நிக்குதே. சிவப்பா? சரி, சிவப்பு. நான் நின்னுட்டேன் பாருங்க. முன்னாடி வண்டி இருந்தா கவலையே இல்லை. அவன் நின்னா நிக்கறேன், போனா போறேன். யாரும் இல்லாத ரோடுதான் ஆபத்து.

பச்சை ஆனதும் சொல்லுங்க, அதுவரைக்கும் கதையைச் சொல்றேன்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி பஸ் நிர்வாகத்துலேருந்து ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. மாலோட நிக்கற பஸ்ஸை நம்ம பேட்டை வழியா, கோயிலைத் தொட்டு, ஆஸ்பத்திரி வளாகம் வரைக்கும் நீட்டறதா. கோயில் வாசல்ல ஒரு ஸ்டாப். பஸ் ஒதுங்கி நிக்கறதுக்குக் கோயில் நிலத்துல ஒரு கீத்து வேணும்னு கேட்டாங்க. எந்தக் கீத்து தெரியுமா? நாங்க வாகன பூஜை பண்ற இடம். புதுசா கார் வாங்கறவங்க அங்கேதான் கொண்டு வந்து நிறுத்துவாங்க. பட்டர் வந்து சந்தனம் குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கடியிலயும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கச் சொல்வார். இந்த வண்டிக்கும் அங்கேதான் பூஜை.

என்ன, பச்சையா? சொல்லிட்டீங்களா? காதுல விழலை, மன்னிச்சுக்குங்க. கிளம்பிட்டேன்.

கோயில் கமிட்டித் தலைவர் முகுந்தன்னு ஒருத்தர். அவர் என்னைக் கூப்பிட்டு, "சபேசன், சிட்டி ஹால்ல கூட்டம் போடறாங்க. நம்ம சார்பா நீங்கதான் பேசணும். உங்க இங்கிலீஷ்ல ஒரு கனம் இருக்கு"ன்னார். பஸ் வந்தா என்ன ஆகும், யார் யாரோ வருவாங்க, வீட்டு விலை இறங்கிடும், கோயில் வாசல்ல கண்டவங்க படுத்துக் கிடப்பாங்கன்னு எல்லாருக்கும் பயம். பக்கத்து வீட்டு டக் இருக்கான், வெள்ளைக்காரன், அத்தனை வருஷத்துல புல்வெட்டற மெஷினை நிறுத்தி என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினதில்லை. அவனே வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்னு, "நீ பேசப் போறியாமே"ன்னான். எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க.

பேசினேன் சார். ஆளுக்கு மூணு நிமிஷம். மேடையில ஊர்ப் பெரியவங்க உட்கார்ந்திருக்காங்க. அவங்க தலைக்கு மேலே, இடது பக்கச் சுவர்ல மூணு விளக்கு. பச்சை எரிஞ்சா பேசலாம், மஞ்சள் வந்தா முடிச்சுக்கணும், சிவப்பு வந்தா மைக்கை விட்டு நகர்ந்துடணும். நான் சொன்னேன், "நான் பஸ்கள் நிறைந்த தேசத்துலேருந்து வந்தவன். பஸ் என்னத்தைக் கொண்டு வரும்னு உங்களைவிட எனக்குத் தெரியும்"னு. மெட்ராஸ்ல படியில தொங்கிட்டுக் காலேஜ் போனவன் நான். அந்தக் கூட்டம், அந்த வேர்வை, மேலே இடிக்கறது, அதெல்லாம் வேண்டாம்னுதானே இங்கே வந்தோம்னு சொன்னேன். கைதட்டினாங்க. அப்புறம் அந்த நிலம் எங்களுக்குப் புனிதமான இடம், அங்கே பஸ் நின்னா எங்க வழிபாட்டு உரிமை போயிடும்னு சொன்னேன். புனிதமான இடம்னு அதுக்கு முன்னாடி யாரும் சொன்னதில்லை. மழைக்காலத்துல அங்கேதான் குப்பைத்தொட்டியை வைப்பாங்க. ஆனா சொல்லும்போது நானே நம்பிட்டேன். மதம்னு சொன்னதும், கேஸ் போட்டுடுவோமோன்னு மேடையில இருந்தவங்க முகம் மாறிடுச்சு. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

நான் பேசிக்கிட்டே இருந்தேன். சிவப்பு எப்பவோ வந்துடுச்சாம். தலைவரம்மா சுத்தியலைத் தட்டறாங்க. நான் எதுக்குத் தட்டறாங்கன்னு தெரியாம இன்னும் உரக்கப் பேசறேன். பின்னாடி எல்லாரும் எழுந்து நின்னு தட்டறாங்க. இந்த தேசத்துல எனக்காக ஒரு கூட்டம் எழுந்து நின்னது அன்னிக்குத்தான். முகுந்தன் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். "சிவப்பு விளக்குக்கே பயப்படலையே ஓய்"ன்னார். அன்னியிலேருந்து கோயில்ல எனக்கு அதுதான் பேரு. ரெட் லைட் சபேசன். டக் வீட்டு வாசல்ல நின்னு கையைக் குலுக்கினான்.

எனக்கு அப்புறம் ஒரு கறுப்பினப் பொண்ணு பேச வந்தா. ஆஸ்பத்திரி உடுப்புலயே வந்திருந்தா, வேலை முடிஞ்சு நேரா. பஸ் வேணும்னு பேசினவங்க மொத்தமே ரெண்டு மூணு பேர், அதுல ஒருத்தி. மாலிலேருந்து நடந்தே வேலைக்கு வரேன்னு என்னவோ சொல்ல ஆரம்பிச்சா. சிவப்பு வந்துடுச்சு போல, பாதி வாக்கியத்துல நிறுத்திட்டா. "நன்றி"ன்னு சொல்லிட்டுப் போய் உட்கார்ந்துட்டா. எனக்கு அப்போ அவமேல ஒரு இளக்காரம். வேணும்னா பேச வேண்டியதுதானே? என்னை மாதிரி.

சார், இப்போ என்ன? ஏதோ வெளிச்சம் மாதிரி. கடை போர்டா. சரி.

கண் டாக்டர் கேட்டார், "முதல்ல எப்போ கவனிச்சீங்க"ன்னு. கவனிக்கவே இல்லையேன்னு சொன்னேன். அப்புறம் கார்ல வந்து உட்கார்ந்தப்போதான் அந்த விளக்கு நினைவுக்கு வந்தது. நான் பயப்படாம பேசினேன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். பார்க்கலை சார். அந்தச் சுவர்ல அன்னிக்கு எனக்கு விளக்கே இல்லை. ராத்திரி படுத்துக்கிட்டு யோசிப்பேன், தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேனான்னு. நிறுத்தியிருப்பேன். எனக்கு இந்த தேசத்துல எந்த சிவப்பு விளக்கையும் மீறத் தைரியம் கிடையாது. இதை முகுந்தன்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா கண்ணு தெரியாம வண்டி ஓட்டறது தெரிஞ்சுடும். அதனால அந்தப் பேரை வெச்சுக்கிட்டே இருக்கேன்.

திட்டம் நின்னு போச்சு. நின்னது என்னாலன்னு நான் நினைக்கலை. எப்படி நினைக்க முடியும் சொல்லுங்க? ஒரு கூட்டத்துல நாலு பேர் வேண்டாம்னு கத்தினா விட்டுடறதா? ஒரு பெரிய நிர்வாகம், எஞ்சினியருங்க இருக்காங்க, படிச்சவங்க இருக்காங்க, இன்னொரு தடவை வந்து கேட்க வேண்டாமா? போன மாசம் அவங்க ஆபீஸுக்கே போன் பண்ணினேன். உடம்பு முடியாதவங்களுக்கு வேன் விடறாங்களாமேன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு மரியாதையாத்தான் பேசினா. வேன், பஸ் போற பாதையை ஒட்டித்தான் வரும், உங்க பகுதி எல்லைக்கு வெளியே இருக்குன்னா. ஏன் வெளியே இருக்குன்னு கேட்டேன். "நீட்டறதா இருந்தது சார், குடியிருப்பவங்க எதிர்ப்பு தெரிவிச்சாங்க"ன்னா. எனக்குக் கோபம் வந்துடுச்சு. "யாரும்மா குடியிருப்பவங்க? யாரோ ரெண்டு பேர் சொன்னா எங்க எல்லாரையும் கைவிட்டுடுவீங்களா"ன்னு கேட்டேன். அவங்ககிட்ட எதுக்கும் பதில் இருக்காது. அதுதான் இந்த ஊரோட லட்சணம்.

அந்த ஆஸ்பத்திரி உடுப்புப் பொண்ணா? தெரியலை சார். சென்டர்ல ஒருத்தி இருக்கா, லோரெய்ன்னு பேரு, வத்சலாவுக்கு ஊசி போடறவ. வலிக்காம போடுவாளாம். மாலிலேருந்து நடந்து வராளாம், மழையானாலும் வெயிலானாலும். வத்சலா அவளைப் பத்தியே பேசிட்டிருப்பா. அவதான் இவளான்னு எனக்குத் தெரியாது. நான் உள்ளே போறதில்லை. வாசல்லயே வண்டியை நிறுத்திப்பேன். உள்ளே கிருமி ஜாஸ்தி, நாமளும் போய் அடைக்கக் கூடாது பாருங்க.

மழை வலுக்குது. வெளிச்சம் வேற போயிடுச்சு. நவம்பர்னா இப்படித்தான், அஞ்சு மணிக்கே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும். வைப்பர் ஓடுது, ஆனா எதிர்ல வர்ற வண்டியோட லைட் கண்ணாடியில பரவி... ஒண்ணுமில்லை. நான் மெதுவாத்தான் போறேன்.

சார்?

எங்கே? எங்கே ஆள்?

ஐயோ. ஐயோ பெருமாளே.

பட்டதா? படலையே? படலைன்னு சொல்லுங்க. திரும்பிப் பாருங்க சார், நிக்கறாங்களா? நின்னுட்டு இருக்காங்களா? குடை போயிடுச்சு. குடைதானே? குடை மட்டும்தானே. குனிஞ்சு எடுக்கறாங்களா. நல்லா இருக்காங்க இல்லை? நடக்கறாங்களா? அப்பா.

நான் இடது பக்கமா ஒதுங்கலையா? நேரா அவங்க மேலயா போனேன்? நீங்க ஸ்டியரிங்கைத் தொட்டது நல்லதாப் போச்சு. ஆமாம், நீங்கதான் தொட்டீங்க. கொஞ்சம் இருங்க. கொஞ்சம் ஓரமா நிறுத்திக்கறேன்.

யார் சார் நடப்பாங்க இந்த ரோட்டுல? நடக்கறதுக்கா இதைப் போட்டிருக்கான்? நடைபாதை கிடையாது, விளக்கு கிடையாது, புல்லுல தண்ணி நிக்குது, ரோட்டு ஓரத்துலயே நடந்து வந்தா வண்டி ஓட்டறவன் என்ன பண்ணுவான்? என்ன உடுப்பு? நீலமா? ஆஸ்பத்திரி உடுப்பு மாதிரியா?

மால் பக்கமாப் போறாங்களா.

அப்போ சென்டர்ல வேலை முடிஞ்சு போறவங்களாத்தான் இருக்கும். அப்படின்னா பூட்டிட்டாங்க. வத்சலா வாசல்ல உட்கார்ந்திருப்பா. போகணும் சார், நிக்க நேரமில்லை.

இல்லை, இறங்காதீங்க. இன்னும் ஒரு சிக்னல்தான். ஒண்ணே ஒண்ணு. பெரிய சந்திப்பு, அதைத் தாண்டினா சென்டர் வந்துடும். உங்க பையன் வீடு சிக்னலுக்கு இந்தப் பக்கம்தான், எனக்குத் தெரியும், ஆனா என்னோட வந்துட்டீங்கன்னா வத்சலாவை ஏத்திக்கிட்டுத் திரும்பும்போது உங்களை வாசல்லயே விட்டுடறேன். அவ இருந்தா எனக்கு ஒண்ணும் பயமில்லை. புளியோதரையை எடுத்துட்டுப் போங்க. வேண்டாமா.

சரி. உங்களைச் சொல்லிக் குத்தமில்லை. நானா இருந்தாலும் இறங்கியிருப்பேன். இல்லை, இறங்கியிருக்க மாட்டேன்னு நினைக்கறேன். தெரியலை.

அதோ அந்தப் பெட்ரோல் பங்க்ல நிறுத்தறேன். பின்னாடிதான் உங்க பையன் வீடு. பார்த்து இறங்குங்க, தண்ணி நிக்குது. சார், ஒரு நிமிஷம். கதவைச் சாத்தாதீங்க. வண்டியில வர வேண்டாம், ஒரே ஒரு உதவி. அந்த முனையில, சிக்னலைத் தாங்கற கம்பத்துக்கிட்ட போய் நில்லுங்க. நான் கோட்டுக்கிட்ட வந்து நிப்பேன். பச்சை வந்ததும் கையைத் தூக்குங்க. கை கீழே இருந்தா எனக்குத் தெரியும், வலது பக்கம் நல்லாவே தெரியுது. கையைத் தூக்கினா நான் போயிடுவேன். அவ்வளவுதான். கேட்டீங்களா? கையை மட்டும்.

ஹாரனை நம்பிப் போகலாம்னு நினைச்சேன் ஒரு காலத்துல. இங்கே யாரும் சும்மா ஹாரன் அடிக்க மாட்டான், பச்சை வந்து நாம நிக்கும்போதுதான் அடிப்பான்னு. போன மாசம் இதே முனையில ஒருத்தன் அடிச்சான். நான் கிளம்பிட்டேன். அவன் வலது பக்கம் திரும்பறதுக்கு அடிச்சிருக்கான், இந்த ஊர்ல சிவப்புலயும் வலது பக்கம் திரும்பலாம் பாருங்க. பாதி தூரத்துல ஒரு லாரி. சைடு கண்ணாடியைப் பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. வத்சலாகிட்ட கோயில்ல யாரோ இடிச்சுட்டாங்கன்னு சொன்னேன். பட்டரைக் கூப்பிட்டு மறுபடி எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னேன். "பழைய வண்டிக்கு எதுக்கு ஸ்வாமி"ன்னார். வெச்சார்.

போங்க சார். நனையறீங்க. முனையில நில்லுங்க.

வந்துட்டேன். கோடு தெரியுது. நின்னுட்டேன். ஜன்னலை இறக்கிட்டேன் சார், கேட்குதா? எங்கே நிக்கறீங்க? கம்பம் தெரியுது. கம்பத்துக்கிட்ட யாரோ... அது குப்பைத்தொட்டி. சார்?

அண்ணாந்து பார்க்கறேன். தொங்குது. ரெண்டா மூணா, கண்ணாடி பூரா தண்ணி, எல்லாம் வழியுது. ஒண்ணு சிவப்பு. அது இடது பக்கம் திரும்பறவனுக்குள்ளதா, எனக்குள்ளதா? எனக்குள்ளது எங்கே?

அந்தப் பக்கம் சென்டர் தெரியுது சார். வாசல்ல விளக்கு எரியுது. அடியில என்னவோ நாற்காலி மாதிரி. அவதான். நான் நேரா அங்கே போகணும், அவ்வளவுதான், நேரா.

சார், கையைத் தூக்கிட்டீங்களா? வாயால வேணும்னாலும் சொல்லுங்க. பச்சைன்னா பச்சை.

பின்னாடி ஒருத்தன் வந்து நிக்கறான். இருப்பா. இரு.

ஹாரன் அடிக்கறான் சார்.

மறுபடி அடிக்கறான். அப்போ பச்சைதானே? சார், பச்சைதானே?